காணாமற்போன பதின்ம வயதுப் பிள்ளையைத் தேடும் திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போர்க் காலத்தில், 1990-இல் ரவுண்டப்பில் (படையினரின் சுற்றிவளைப்பில்) பிடிபட்ட பதினாறு வயதுப் பெடியனுக்கு இன்று ஐம்பது தாண்டியிருக்கும். அவனைத் தேடத் தொடங்கிய அம்மாவுக்கு எண்பது. மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு பழைய சொப்பிங் பையும் இருக்கும். அதற்குள் மடிப்பு கிழிந்த கடிதங்கள், ஆணைக்குழுக்கள் கொடுத்த துண்டுகள், ஓரம் கரைந்த ஒரு போட்டோ.

இந்த வழிகாட்டி அந்தப் பையை ஒழுங்கான கோப்பாக்கி, அதை எந்தெந்தக் கதவில் எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றியது. பிள்ளை கிடைத்துவிடும் என்று இதில் எங்கேயும் சொல்லப்போவதில்லை. பதில் தேடும் வேலையில் முதியவர்களிடம் மட்டும் இருக்கும் விஷயங்களை முதலில் எடுத்துவிட வேண்டும், அலுவலகங்களைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் என் கருத்து. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

(உங்கள் பிள்ளை காணாமற்போனது நேற்றோ இன்றோ என்றால் இதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே பொலிசுக்குப் போங்கள். அவசர அழைப்புக்கு 119, சிறுவர் விடயங்களுக்கு 1929.)

படி 1: நடந்ததை எழுதுங்கள்

அம்மா, அப்பா, அம்மம்மா, அன்றைக்குப் பக்கத்தில் நின்ற அயலவர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக இருத்திக் கேளுங்கள். எல்லாரையும் ஒன்றாக வைத்துக் கேட்டால் குரல் கூடியவர் சொல்வதே எல்லாருடைய நினைவாகிவிடும். போனில் ஒலிப்பதிவு செய்து, அப்புறம் எழுதலாம். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். நீங்களாக இணக்கப்படுத்த வேண்டாம்.

திகதி நினைவில்லை என்பார்கள். ஆனால் கோணேசர் கோயில் தேர் முடிந்த கிழமை, நோன்புக் காலம், ஓ.எல். சோதனைக்கு முந்திய மாதம், சம்பூர் இடம்பெயர்வுக்குப் பிறகு என்று ஏதாவது ஒன்று நினைவிருக்கும். அதை வைத்துத் திகதியை நெருங்கலாம். 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியது, 2006 செப்ரெம்பரில் சம்பூரை இராணுவம் பிடித்தது, 2004 டிசம்பர் 26 சுனாமி என்பவை எல்லாருக்கும் தெரிந்த குறிப்புக் கற்கள்.

பிள்ளை எப்படிப் போனது என்பதைப் பொறுத்துக் கேள்விகள் மாறும்.

சுற்றிவளைப்பில் போனவர் என்றால் எந்தச் சந்தி, எந்தப் படை, எந்த நிறச் சீருடை, வாகனத்தின் வகை, தலையாட்டி (முகத்தை மூடி நின்று ஆட்களைக் காட்டிக்கொடுப்பவர்) நின்றானா, எந்த முகாமுக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள், முகாம் வாசலில் யார் போய்க் கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். கூடப் பிடிபட்டுத் திரும்பி வந்தவர் யாராவது இருந்தால் அவருடைய வாக்குமூலம்தான் கோப்பின் முதுகெலும்பு. அவர் இன்று கனடாவில் இருந்தாலும் தேடிப் பிடியுங்கள்.

இயக்கத்துக்கு (ஆயுத அமைப்புக்கு) பிடித்துக்கொண்டு போன பிள்ளை என்றால் எந்த அமைப்பு, எந்தப் பயிற்சி இடம், இயக்கப் பெயர், கழுத்தில் அணிந்த அடையாளத் தகட்டின் இலக்கம், கடைசியாக வந்த கடிதம். இதைச் சொல்லத் தயங்கும் பெற்றோர் பலர். சொன்னால் பிள்ளையைப் போராளிக் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்ற பயம். பதினெட்டுக்குக் கீழே சேர்க்கப்பட்ட பிள்ளை சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்ட பிள்ளைதான். 2001 முதல் வயது குறைந்த ஆட்சேர்ப்பு பற்றிய முறைப்பாடுகளை யுனிசெப் தனிப் பட்டியலாகவே வைத்திருந்தது. கிழக்கில் 2004-க்குப் பிறகு புலிகளிடமிருந்து பிரிந்துபோன கருணா குழு சேர்த்த பிள்ளைகளும் அதில் பதியப்பட்டார்கள். அந்த நாளில் நீங்கள் யுனிசெப்பிடம் சொல்லியிருந்தால் அது ஒரு தடயம்.

வன்னியில் 2009-இல் தொலைந்த பிள்ளை என்றால் திருகோணமலைக்காரருக்கு ஒரு கேள்வி கட்டாயம் உண்டு. அந்த ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை புதுமாத்தளன் பக்கமிருந்து காயப்பட்டவர்களையும் அவர்களோடு வந்தவர்களையும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுவந்தது. மொத்தம் சுமார் 14,000 பேர். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று பிரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். பிள்ளை கப்பலில் ஏறியதை யாராவது கண்டார்களா என்பதைக் கேட்டு எழுதுங்கள்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர், படகில் இந்தியாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ புறப்பட்டவர், சுனாமியில் போனவர் என்ற வீடுகளும் உண்டு. அவர்களுக்கும் கீழே உள்ள பெரும்பாலான படிகள் பொருந்தும்.

படி 2: அந்தப் பிள்ளை இருந்தது என்பதற்கான தாள்கள்

பெரியவர் ஒருவர் காணாமற்போனால் அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, வங்கிப் புத்தகம் என்று ஏதாவது மிஞ்சும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் இல்லை. அந்தக் காலத்தில் அடையாள அட்டைக்கு வயது 16. எடுப்பதற்கு முன்பே போன பிள்ளைகள் ஏராளம். எடுத்தவர்களுடைய அட்டையும் பிடிபடும்போது சட்டைப் பையோடு போய்விட்டது.

பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் புதிய பிரதி எடுங்கள். அடுத்தது பள்ளிக்கூடம். சேர்விடாப்பில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தை பெயர், சேர்ந்த நாள் எல்லாம் இருக்கும். அதிபரிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பக்கத்தின் பிரதியை அவருடைய ஒப்பத்தோடும் முத்திரையோடும் வாங்குங்கள். இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமிலோ வேறு இடத்திலோ இருந்தவர்கள் அந்தக் காலக் குடும்ப அட்டை, நிவாரண அட்டை, கிராம அலுவலர் பதிவு ஆகியவற்றைத் தேடுங்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருந்தால் ஆட்பதிவுத் திணைக்களத்தில் விண்ணப்பமும் போட்டோவும் இருக்கக்கூடும். ஓ.எல். எழுதியிருந்தால் சுட்டிலக்கம். ஞானஸ்நானப் பதிவேடு, கிளினிக் அட்டை, வகுப்புக் குழுப் படம், அக்காவின் கலியாண அல்பத்தில் ஓரத்தில் நிற்கும் முகம், எல்லாமே ஆவணம்தான்.

போட்டோவை லமினேட் பண்ண வேண்டாம். ஒட்டிய பிளாஸ்ரிக்கை இனிப் பிரிக்க முடியாது, படமும் கெடும். நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் எடுத்து, மூலத்தைக் காகித உறையில் போடுங்கள்.

படி 3: உடம்பும் இரத்தமும்

இதை எழுதுவதும் வாசிப்பதும் கஷ்டம். பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று நம்பும் அம்மாவிடம் பல்லையும் எலும்பையும் பற்றிக் கேட்க வாய் வராது. வைத்தியசாலையில் நினைவில்லாமல் கிடப்பவரை அடையாளம் காணவும் இதே விபரம்தான் வேண்டும் என்று சொல்லித் தொடங்குங்கள். அது பொய்யில்லை.

உயரம் (இல்ல விளையாட்டுப் போட்டியில் எந்தப் பிரிவில் ஓடினான் என்பதுகூட உதவும்), வலதுகையா இடதுகையா, முறிந்து பொருந்திய எலும்பு, உடைந்த அல்லது பிடுங்கிய பல், முன்பல் இடைவெளி, தழும்பு, காது குத்தியது, கழுத்தில் கிடந்த தாயத்து, அன்றைக்கு உடுத்திருந்த உடுப்பு, செருப்பு, பை. உடுப்பை அற்பம் என்று விட்டுவிடாதீர்கள். 2025 ஓகஸ்ட் 5 அன்று யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியில் எடுத்த உடைகளையும் பொருட்களையும் நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அவற்றில் ஒரு பள்ளிப் பையும் இருந்தது.

பதின்ம வயதினர் விஷயத்தில் இன்னொன்று. வளரும் வயதில் எலும்பின் நுனிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் பொருந்தி மூடுகின்றன, கடைவாய்ப் பல்லின் வேரும் படிப்படியாக வளர்கிறது. அதனால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் எலும்பில் வயதை நெருக்கமாகக் கணிக்கலாம். பிறந்த திகதியும் காணாமற்போன திகதியும் சரியாக இருந்தால்தான் அந்தக் கணிப்பு உங்களுக்குப் பயன்படும்.

மரபணுவுக்கு அம்மா, அப்பா இருவரும் இருப்பது சிறந்தது. ஒருவர் இல்லையென்றால் கூடப் பிறந்தவர்கள், எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும். தாய் வழியாக வரும் ஒரு மரபணுப் பகுதி அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது, ஆகவே அம்மாவின் அக்கா தங்கையும் மாமாவும்கூட அதற்கு ஒப்பாவார்கள். ஆண் பிள்ளை என்றால் தந்தை வழிக்குச் சித்தப்பா, பெரியப்பா, அண்ணன் தம்பி. ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து, யார் உயிரோடு இருக்கிறார், எந்த நாட்டில் இருக்கிறார் என்று குறியுங்கள். வீட்டில் இரத்தம் எடுத்து வைக்க வேண்டாம், அது பயன்படாது. மாதிரி எடுப்பது நீதிமன்றமோ உரிய அலுவலகமோ ஒழுங்கு செய்யும் வேலை. ஆனால் பிள்ளையின் பால்பல் இருந்தாலோ, நம் வீடுகளில் வழக்கமாகத் தாயத்துக்குள் போடும் காய்ந்த தொப்புள்கொடி இருந்தாலோ காகித உறையில் உலர்வாக வையுங்கள். பொலித்தீனில் வைத்தால் ஈரம் பிடித்துக் கெடும். வெட்டிய முடியைவிட வேரோடு வந்த முடி பயன் கூடியது.

படி 4: ஏற்கெனவே சொன்ன இடங்களின் பட்டியல்

எத்தனையோ ஆணைக்குழுவுக்குச் சொல்லியாச்சு, இனி என்ன என்று கோபப்படுவது நியாயம். 1994-இல் நியமித்த வடக்கு கிழக்குக்கான ஆணைக்குழு, 1998-இல் அகில இலங்கை ஆணைக்குழு, 2010-இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013-இல் பரணகம ஆணைக்குழு. இவற்றோடு 1991-இல் தொடங்கிய மனித உரிமைகள் பணிக்குழு, செஞ்சிலுவை, பொலிஸ், பிரஜைகள் குழு, பங்குத்தந்தை. ஒவ்வொரு இடத்திலும் கொடுத்த திகதி, இலக்கம், பெயரை எப்படி எழுதினார்கள் என்பதை ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது ஆளுக்கு ஒரு மாதிரி எழுதிவிடுவார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால் மூன்றையும் குறியுங்கள். இலக்கம் தொலைந்திருந்தாலும் எந்த ஆண்டு, எந்த மண்டபத்தில் சாட்சி சொன்னீர்கள் என்பது போதும்.

இந்த ஒரு தாளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம். 30 வருடத்துக்கு முன் தாய் சொன்ன அதே திகதி, அதே முகாம் இன்றும் இருப்பதைக் காட்டும் சாட்சி அது.

படி 5: காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்

ஓஎம்பி என்று எல்லாரும் சொல்லும் இந்த அலுவலகம் 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்து, 2018-இல் வேலையைத் தொடங்கியது. தலைமையகம் கொழும்பில், கிழக்குக்கான பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பில். 2017-இல் இருந்து தெருவில் உட்கார்ந்து போராடிய தாய்மார் பலர் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய காரணம் பலமானது. இது தேடிக் கண்டறியும் அலுவலகம், குற்றவாளியைத் தண்டிக்கும் அதிகாரம் இதற்கு இல்லை. இதன் கண்டறிதலால் நேரடியாகக் குற்றப் பொறுப்போ சிவில் பொறுப்போ ஏற்படாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

போவதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. போராட்டத்தில் இருப்பதும் பதிவு செய்வதும் ஒன்றை ஒன்று தடுக்காது என்பது என் எண்ணம். போவதானால் மூலப் பத்திரம் எதையும் கொடுக்காதீர்கள், பிரதி மட்டும். பதிவு இலக்கத்தை வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். விசாரணைக்கு அழைத்தால் தமிழில் வாக்குமூலம் கொடுங்கள், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு ஒப்பமிடுங்கள். மரணச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள் என்று யாராவது நெருக்கினால், அதைப் பற்றி வீட்டில் பேசிச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 6: செஞ்சிலுவை

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 1990 முதல் இலங்கையில் 16,000-க்கும் மேற்பட்ட காணாமற்போனோரைப் பதிந்திருக்கிறது. சேவை இலவசம். நீங்கள் முன்பு பதிந்திருந்தால் அந்தக் கோப்பைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். புதிய முகவரி, புதிய தொலைபேசி, இறந்துபோன விண்ணப்பதாரருக்குப் பதிலாக அடுத்தவர் பெயர். அப்பாவின் பெயரில் இருந்த கோப்பு அப்பாவோடு முடிந்துவிடக் கூடாது. இந்தியா, அவுஸ்திரேலியா என்று எல்லை தாண்டிய தேடலுக்கும் உள்ளூர்ச் செஞ்சிலுவைச் சங்கக் கிளை வழியாகக் கேட்கலாம்.

படி 7: பொலிஸ், மனித உரிமை ஆணைக்குழு, தகவல் அறியும் உரிமை

அந்தக் காலத்தில் பொலிசில் என்ட்ரி போட முடியாதிருந்தால் இப்போதும் போடலாம். தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. பிரதியைக் கட்டணம் கட்டி எடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

நம்மவர்கள் குறைவாகப் பயன்படுத்தும் கருவி 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு தாளில், தமிழில், உரிய அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு எழுதினால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலும் மௌனம் சாதித்தாலும் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியைச் சிறியதாக வையுங்கள். "என் தம்பி எங்கே?" என்று கேட்டால் தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இன்ன பொலிஸ் நிலையத்தில் இன்ன மாதம் இன்னார் பெயரில் பதிந்த முறைப்பாட்டின் பிரதி", "அந்தக் காலப் புத்தகங்கள் இப்போது இல்லையென்றால் அவை எப்போது, எந்தச் சுற்றறிக்கையின்படி அழிக்கப்பட்டன" என்று கேளுங்கள். இல்லை என்ற பதிலும் எழுத்தில் வந்தால் ஆவணம்தான். வன்னிப் பிள்ளைகளுக்கு, புனர்வாழ்வுப் பணியகத்திடம் (முன்பு புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம் பணியகம்) கேட்கலாம். 2009-க்குப் பிறகு 594 சிறுவர்கள் அம்பேபுஸ்ஸவிலும் இரத்மலானையிலும் புனர்வாழ்வில் இருந்தார்கள். உங்கள் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததா என்பது ஒரு நேரான கேள்வி. ஓஎம்பிக்கு இரகசியமாகச் சொல்லப்பட்ட தகவலை மட்டும் இந்தச் சட்டத்தால் எடுக்க முடியாது.

படி 8: நீதிமன்றம்

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் காலம், பழைய விஷயங்களுக்கு அது முடிந்த கதை. ஆளை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ போடலாம். திருகோணமலையில் மேல் நீதிமன்றம் இருக்கிறது. 2009-இல் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களுக்காகக் குடும்பங்கள் போட்ட மனுவில், வவுனியா மேல் நீதிமன்றம் 2022 இறுதியில்தான் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவ்வளவு காலம் எடுக்கும் என்று தெரிந்துகொண்டே இறங்குங்கள். யார் கையில், எங்கே, யார் பார்க்க ஒப்படைக்கப்பட்டார் என்பதற்குச் சாட்சி இல்லாமல் இந்த மனு நிற்காது. காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தேடும் இடத்தைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள். 2008, 2009-இல் கொழும்புப் பக்கத்தில் கடத்தப்பட்ட பதினொரு பேர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வைக்கப்பட்டிருந்ததாக வழக்கு வந்தது. 2015 நவம்பரில் பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழு அந்தத் தளத்துக்குள்ளே போய் நிலத்தடித் தடுப்பு அறைகளைப் பார்த்தது. வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்றால், இங்குள்ள பிள்ளைகள் வெளியே கொண்டுபோகப்பட்டிருக்கவும் கூடும். அந்தச் செயற்குழுவுக்குக் குடும்பம் நேரடியாகவும் முறைப்பாடு அனுப்பலாம், கட்டணம் இல்லை. படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும்.

படி 9: காணக்கிடைக்காமைச் சான்றிதழ்

மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக 2016-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதைக் கொண்டுவந்தது. பதிவாளர் நாயகம் திணைக்களம் வழங்குகிறது. விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். இதை எடுப்பதால் பிள்ளை இறந்ததாக நீங்கள் ஒப்புக்கொண்டதாகாது, விசாரணையும் நிற்காது. ஆள் கிடைத்தால் இரத்தாகும். பதின்ம வயதுப் பிள்ளையின் பெயரில் சொத்து இராது என்பதால் இதன் பயன் பெரும்பாலும் நிவாரண விண்ணப்பங்களில்தான். 2018-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இழப்பீட்டு அலுவலகம் அதைக் கவனிக்கிறது. காசு வாங்குவதைப் பற்றிக் குடும்பங்களுக்குள் சண்டையே வந்திருக்கிறது. வாங்கியவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, மறுத்தவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லவும் மாட்டேன்.

படி 10: தொலைபேசி வரும்போது

"உங்கட மகன் உயிரோட இருக்கிறான், இரகசிய முகாமில கண்டனான், இவ்வளவு அனுப்பினால் கதைக்க விடலாம்." இப்படிக் காசு பறிபோன வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. நகை விற்றுக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது ஒரு விஷயம்தான். போஸ்டரிலும் பேப்பரிலும் வராத, வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை அவர் சொல்லட்டும்: வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர், முழங்காலில் இருந்த தழும்பின் கதை. இதற்காகவே ஒன்றிரண்டு அடையாளங்களை எந்த நோட்டீசிலும் போடாமல் வைத்திருங்கள். அழைத்த இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி, காசு அனுப்பாமல், ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். சீருடை இல்லாமல் வீட்டுக்கு வந்து விபரம் கேட்பவரிடமும் பெயர், பதவி, நிலையம் கேட்டு எழுதுங்கள். மிரட்டல் என்றால், 2023-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கச் சட்டத்தில் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது.

படி 11: எங்காவது எலும்பு வெளிப்பட்டால்

2025 ஜூலையில் சம்பூர்க் கரையோரத்தில் கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டு, விஷயம் மூதூர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. இப்படிச் செய்தி வந்தால் அந்த இடத்துக்கு ஓடிப்போய் மண்ணைத் தொடாதீர்கள், மற்றவரையும் தொட விடாதீர்கள். எலும்பு கிடந்த நிலையும் பக்கத்தில் கிடந்த பொத்தானும் இடம் மாறினால் அவை சொல்லும் செய்தி போய்விடும். தோண்டுவது நீதவானின் உத்தரவில், சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியல் நிபுணரும் நிற்க நடக்க வேண்டியது. குடும்பங்கள் சட்டத்தரணி மூலம் அந்த வழக்கில் முன்னிலையாகலாம். படி 3-இல் தயாரித்த விபரத் தாளை அப்போதுதான் நீட்ட வேண்டும்.

அதே நேரம், எலும்பு என்றாலே நம் பிள்ளை என்று மனம் பாயும். மன்னாரில் 2018-இல் தோண்டிய குழியில் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அமெரிக்க ஆய்வுகூடம் செய்த காபன் சோதனை, அனுப்பிய மாதிரிகளைப் பல நூற்றாண்டு பழையவை என்றது. அந்த முடிவைக் கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். எப்படியானாலும் காத்திருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நினைத்து, முடிவு வரும் வரை அம்மாவிடம் எதையும் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

கோப்பை யார் வைத்திருப்பது

ஒரு முழுப் பிரதி வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம், ஒன்று ஸ்கேன் செய்து இணையத்தில். சுனாமியில் கரையோர வீடுகளில் இருந்த எத்தனையோ கடிதங்கள் ஒரே காலையில் போய்விட்டன. முதல் பக்கத்தில் எல்லா இலக்கங்களும், அடுத்துக் கேட்க வேண்டிய அலுவலகமும், கடைசியாக யார் எப்போது போனார் என்பதும் இருக்கட்டும். பொறுப்பைத் தங்கையிடமோ மருமகளிடமோ பெயர் சொல்லி ஒப்படையுங்கள். ஓஎம்பியிலும் செஞ்சிலுவையிலும் இரண்டாவது தொடர்பாளராக அவருடைய இலக்கத்தை, அம்மா இருக்கும்போதே, அம்மாவின் ஒப்பத்தோடு சேர்த்துவிடுங்கள்.